ஹோமோசிஸ்டீன் கூடியிருந்தால் பி வைட்டமின் மாத்திரை இதயத்தைக் காப்பாற்றுமா?

கேள்வி இதுதான்: "அப்பாவுக்கு 61 வயது. போன வருடம் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது ரத்தப் பரிசோதனையில் ஹோமோசிஸ்டீன் 22 என்று வந்திருக்கிறது. ஃபோலிக் அமிலம், பி6, பி12 மூன்றும் சேர்ந்த மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்தக்குழாயின் உள்சுவர் சரியாகிவிடும், அடைப்பும் திரும்ப வராது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அது உண்மையா? உண்மையென்றால் கொலஸ்ட்ரால் மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். குறைக்காதீர்கள். ஸ்டாட்டின் (கொலஸ்ட்ரால் மாத்திரை), ஆஸ்பிரின், ஸ்டென்ட்டுக்காகக் கொடுத்திருக்கும் இன்னொரு ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை இவற்றில் எதையும் வைட்டமினை நம்பி நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. ஸ்டென்ட் வைத்தவர் அந்த மாத்திரைகளைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இது முடிவானது. மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் உறவினர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதுவும் அழகான உண்மை. அதனால்தான் இந்த விஷயத்தில் படித்தவர்களும் குழம்பிப்போகிறார்கள்.

ஹோமோசிஸ்டீன் என்பது நம் உடம்பு தினமும் உண்டாக்கித் தினமும் கழிக்கும் ஓர் அமினோ அமிலம். புரத உணவிலிருந்து வரும் மெத்தியோனைனை உடம்பு பயன்படுத்தும்போது இடையில் உருவாவது. அதற்கு முன்னால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மறுபடி மெத்தியோனைனாகவே மாறுவது. அதற்கு ஃபோலேட்டும் (மாத்திரையில் ஃபோலிக் அமிலமாக வருவது) பி12-ம் வேண்டும். இன்னொன்று, சிஸ்டீனாக மாறி வெளியேறும் வழிக்குப் போவது. அதற்கு பி6 வேண்டும். இந்த வைட்டமின்களில் ஏதாவது குறைந்தால் வழி அடைபட்டு ஹோமோசிஸ்டீன் ரத்தத்தில் தேங்குகிறது. லிட்டருக்கு 5 முதல் 15 மைக்ரோமோல் வரை இயல்பு என்று பெரும்பாலான ஆய்வகங்கள் எடுத்துக்கொள்கின்றன. அப்பாவின் 22 அதைவிடக் கூடுதல்தான், ஆனால் மிதமான கூடுதல்.

இதற்கும் ரத்தக்குழாய்க்கும் உள்ள தொடர்பை முதலில் கண்டவர் கில்மர் மெக்கல்லி என்ற அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர். அவர் எப்படி அந்த முடிவுக்கு வந்தார் என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புதான். 1933-ல் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் பக்கவாதத்தில் இறந்துபோனான். பிரேதப் பரிசோதனையில் அவனுடைய கழுத்துத் தமனிகள் கிழவருடையவை போலத் தடித்து இறுகியிருந்தன. அவனுக்கு இருந்தது ஹோமோசிஸ்டினூரியா என்ற பிறவிக் கோளாறு என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. அப்புறம் இன்னொரு குழந்தை, பிறந்து இரண்டு மாதமே ஆனது. அதற்கு இருந்தது வேறு கோளாறு, பி12 சம்பந்தப்பட்டது. முதல் வகைக் கோளாறில் மெத்தியோனைன் கூடும், இரண்டாவதில் குறையும். இரண்டிலும் கூடுவது ஹோமோசிஸ்டீன் மட்டுமே. அந்தப் பச்சிளங்குழந்தையின் தமனிகளும் அதே போலக் கெட்டிருந்தன. அப்படியானால் குற்றவாளி ஹோமோசிஸ்டீன்தான் என்று 1969-ல் மெக்கல்லி எழுதினார். வெகுகாலம் அவரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

இந்தப் பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்கு ஹோமோசிஸ்டீன் பெரும்பாலும் 100-ஐத் தாண்டிப் போகும். அவர்களுக்குச் சிகிச்சை கொடுத்து அதைக் குறைத்தால், முழுக்க இயல்புக்கு வராவிட்டாலும்கூட, ரத்தம் உறைந்து வரும் ஆபத்துகள் வெகுவாகக் குறைகின்றன. அதில் சந்தேகமே இல்லை. நம் கேள்வி வேறு: 100-ல் உண்மையாக இருப்பது 22-லும் உண்மையா?

இப்போது அந்த உள்சுவருக்கு வருவோம். ரத்தக்குழாயின் உட்புறம் முழுக்க ஒரே ஓர் அடுக்குச் செல்கள் விரிந்திருக்கின்றன. எண்டோதீலியம் என்பார்கள். வெறும் பூச்சு என்றுதான் பலகாலம் நினைத்தார்கள். அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் சில துண்டுகள் தளர்ந்தன, சில தளரவில்லை. பார்த்தால், தளராத துண்டுகளில் தயாரிக்கும்போதே உட்பரப்பு தேய்ந்துபோயிருந்தது. அந்த ஒற்றை அடுக்கு இருந்தால்தான் குழாய் தளர்கிறது என்று 1980-ல் வெளியிட்டார். அந்தச் செல்கள் அனுப்பும் செய்தி நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்பது பின்னால் தெரிந்தது. 1998-ல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான். நைட்ரிக் ஆக்சைடு குழாயை விரிக்கிறது, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது, வெள்ளையணுக்கள் சுவரில் புகாமல் தடுக்கிறது.

இந்த உள்சுவர் நன்றாக வேலை செய்கிறதா என்று வெளியிலிருந்தே பார்க்க ஒரு வழி உண்டு. நான் ஆய்வகப் பணியில் இருந்த காலத்தில் அருகில் நின்று பலமுறை பார்த்திருக்கிறேன். படுக்க வைத்து, முழங்கைக்குச் சற்று மேலே கைத்தமனியை அல்ட்ராசவுண்டில் பிடித்துக்கொள்வார்கள். திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள், நடுவில் கருப்பாக ரத்தம். முன்கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி, ரத்தம் போகாதபடி இறுக்கி, ஐந்து நிமிடம் விட்டுவிடுவார்கள். விரல்கள் வெளிறி மரத்துப்போகும். பட்டையை விட்டதும் ரத்தம் வெள்ளமாகப் பாயும். அந்தப் பாய்ச்சல் உள்சுவரை உரச, அது நைட்ரிக் ஆக்சைடை விட, குழாய் விரியும். 4 மில்லிமீட்டர் குழாய் 4.3 ஆனால் நல்ல சுவர். பட்டையை விட்டு ஒரு நிமிடம் ஆகியும் அந்த இரண்டு வெள்ளைக் கோடுகள் அசையாமலே கிடந்தால் சுவர் களைத்துப்போயிருக்கிறது. புகைபிடிப்பவர்களிடமும் இதய நோயாளிகளிடமும் அப்படித்தான் காணும்.

இந்தச் சோதனையில் ஃபோலிக் அமிலம் நிஜமாகவே வேலை செய்கிறது. இதய நோயாளிகளுக்கு 5 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் சில மணி நேரத்திலேயே குழாய் கூடுதலாக விரிந்தது. வியப்பு என்னவென்றால், அந்த நேரத்தில் ஹோமோசிஸ்டீன் இன்னும் குறையவே ஆரம்பிக்கவில்லை! அப்படியானால் இந்தப் பலன் வேறு வழியாக வந்திருக்கிறது. அந்த வழியும் தெரிந்துவிட்டது. நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நொதிக்கு டெட்ராஹைட்ரோபயோப்டெரின் என்ற துணைப்பொருள் வேண்டும். அது ஆக்சிஜனேற்றத்தில் கெட்டுப்போனால், அதே நொதி நைட்ரிக் ஆக்சைடுக்குப் பதில் சூப்பராக்சைடு என்ற கெடுதலான பொருளைத் தயாரிக்கத் தொடங்கிவிடும். ஃபோலேட்டின் செயல்படும் வடிவமான 5-மெத்தில் டெட்ராஹைட்ரோஃபோலேட் அந்தத் துணைப்பொருளைக் கெடாமல் காக்கிறது. பைபாஸ் அறுவையின்போது நோயாளிகளிடமிருந்து எடுத்த குழாய்த் துண்டுகளிலேயே இதைக் காட்டியிருக்கிறார்கள். பைபாஸுக்குக் காத்திருந்தவர்களுக்குச் சுமார் ஏழு வாரம் தினமும் 400 மைக்ரோகிராம் அல்லது 5 மில்லிகிராம் கொடுத்து ஒப்பிட்டபோது, குறைந்த அளவே போதுமானதாக இருந்தது. பன்னிரண்டு மடங்கு கூட்டியும் கூடுதல் பலன் இல்லை. "அதிக பவர்" மாத்திரை கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, சுவர் நன்றாகிறது, ஹோமோசிஸ்டீனும் குறைகிறது. அப்படியானால் மாரடைப்பு குறைய வேண்டுமே?

குறையவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கே வருத்தம்தான். இந்தக் கருத்தை நம்பியவர்களில் நானும் ஒருவன்.

நார்வேயில் நடந்து 2006-ல் வெளியான நார்விட் ஆய்வில் மாரடைப்பு வந்து பிழைத்த 3,749 பேர் இருந்தார்கள். ஃபோலிக் அமிலம் 0.8 மில்லிகிராம், பி12 0.4, பி6 40 மில்லிகிராம். ஹோமோசிஸ்டீன் கால்பங்குக்கு மேல் குறைந்தது. மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ குறையவில்லை. மூன்றையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களிடம் கெடுதல் பக்கமாகச் சாய்வதுபோலக்கூட இருந்தது. அதே 2006-ல் வந்த ஹோப்-2 ஆய்வில் 5,522 பேர், ஐந்து வருடம். வைட்டமின் பிரிவில் 18.8 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரைப் பிரிவில் 19.8 சதவீதத்தினருக்கும் இதய, ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் வந்தன. புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை. பக்கவாதம் மட்டும் கொஞ்சம் குறைந்தது. 2010-ல் வெளியான பிரிட்டனின் செர்ச் ஆய்வு இன்னும் பெரியது: மாரடைப்பு வந்து மீண்ட 12,064 பேர், ஏறத்தாழ ஏழு வருடம். வைட்டமின் சாப்பிட்டவர்களில் 25.5 சதவீதம், சாப்பிடாதவர்களில் 24.8 சதவீதம் பேருக்கு இதய, ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் வந்தன. உங்கள் அப்பாவைப் போன்றவர்களை வைத்தே நடந்த ஆய்வு இது. அதனால் எனக்கு இதுதான் அதிக எடை உள்ள சான்று.

ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் இன்னொரு கதையையும் சொல்ல வேண்டும். 2001-ல் சுவிட்சர்லாந்தில் 205 பேரிடம் நடந்த ஆய்வில், ஆஞ்சியோபிளாஸ்டிக்கு (அடைத்த குழாயைப் பலூனால் விரிக்கும் சிகிச்சைக்கு)ப் பிறகு ஆறு மாதம் இந்த வைட்டமின்களைக் கொடுத்தபோது குழாய் மறுபடி சுருங்குவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். 2004-ல் ஸ்டென்ட் வைத்த 636 பேரிடம் வேறொரு குழு செய்து பார்த்தது. முடிவு தலைகீழ்: வைட்டமின் பெற்றவர்களில் 34.5 சதவீதம், பெறாதவர்களில் 26.5 சதவீதம் பேருக்குக் குழாய் மறுபடி சுருங்கியது. செல்கள் பெருகுவதற்கு ஃபோலேட் அவசியம். ஸ்டென்ட் கம்பியைச் சுற்றி வளரும் திசுவுக்கும் அது தீனி போட்டிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். நியாயமாக ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஹோமோசிஸ்டீன் 15-க்கு மேல் இருந்தவர்களிடம் இந்தக் கெடுதல் தெரியவில்லை. தவிர, அவை மருந்து பூசாத பழைய வகை ஸ்டென்ட்கள். அதனால் அப்பாவை நினைத்து இதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் "வைட்டமின்தானே, நல்லதுதானே" என்ற எண்ணம் எவ்வளவு எளிதில் பொய்த்துப்போகும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஏன் இப்படி ஆனது? ஒன்று, ஹோமோசிஸ்டீன் பல பேரிடம் காரணமாக இல்லாமல் அடையாளமாக இருக்கலாம். சிறுநீரகம் சற்று மந்தமானாலே அது கூடிவிடும். சிறுநீரகம் மந்தமானவருக்கு இதய ஆபத்தும் கூடுதல். புகை தெரிகிறது என்று புகையை மட்டும் விசிறிவிட்டால் நெருப்பு அணையாது. மரபணு ஆய்வுகளும் இதே பக்கம்தான் சாய்கின்றன. எம்டிஎச்எஃப்ஆர் என்ற மரபணுவின் ஒரு வடிவத்தைப் பிறவியிலேயே பெற்றவர்களுக்கு வாழ்நாள் முழுக்க ஹோமோசிஸ்டீன் சற்றுக் கூடுதலாக இருக்கும். வெளியிடப்படாத தரவுகளையும் சேர்த்துப் பெரிய அளவில் பார்த்தபோது, அவர்களுக்கு இதயத் தமனி நோய் கூடுதலாக வருவதாகத் தெரியவில்லை. இன்னொன்று, கைத்தமனி சற்றுக் கூடுதலாக விரிவதும், வருடக்கணக்கில் கொழுப்பு சேர்ந்து கட்டிய ஒரு படிவு வெடிக்காமல் இருப்பதும் வேறு வேறு விஷயங்கள். முதலாவதை வைத்து இரண்டாவதை ஊகித்ததுதான் பிழை. மாத்திரை அடைப்பைக் கரைக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

பக்கவாதத்தில் மட்டும் கதை கொஞ்சம் வேறு. சீனாவில் ரத்த அழுத்தம் உள்ள, ஆனால் பக்கவாதமோ மாரடைப்போ வராத 20,702 பேருக்கு எனலாப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரையை மட்டும், அல்லது அதோடு 0.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலத்தைச் சேர்த்து நாலரை வருடம் கொடுத்தார்கள். முதல் பக்கவாதம் 3.4 சதவீதத்திலிருந்து 2.7 சதவீதமாகக் குறைந்தது. 2015-ல் வெளியானது. ஃபோலேட் குறைவாக இருந்தவர்களுக்குத்தான் பலன் அதிகம். மாவில் ஃபோலிக் அமிலம் கட்டாயமாகச் சேர்க்கப்படாத நாடு அது. அமெரிக்காவில் 1998 முதல் கட்டாயம். அந்தச் சீன ஆய்விலும் மாரடைப்பு குறையவில்லை.

இதையெல்லாம் வைத்து நான் வந்திருக்கும் முடிவு: குறைபாட்டை நிரப்ப வைட்டமின் வேண்டும், இதயத்துக்கு மருந்தாக அது ஆகாது. அதனால் அப்பாவின் விஷயத்தில் "மாத்திரை கொடுக்கலாமா" என்பதற்கு முன்னால் "22 ஏன் வந்தது" என்று கேட்க வேண்டும். பலர் இதைக் கேட்பதே இல்லை.

முதலில் அந்த எண்ணே சரிதானா? ரத்தம் எடுத்த பிறகும் குழலுக்குள் சிவப்பணுக்கள் ஹோமோசிஸ்டீனை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் சும்மா வைத்திருந்தால் மணிக்குச் சுமார் 10 சதவீதம் ஏறும். அதனால் குழலை உடனே ஐஸில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். காலையில் எடுத்த குழல் மதியம் வரை மேஜையில் நின்றுகொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்த எண்களை நம்பி யார் யார் என்னென்ன சாப்பிட்டார்களோ என்ற கவலை இன்னும் எனக்குப் போகவில்லை. மறுபடி பரிசோதித்தால் வெறும் வயிற்றில், ஐஸில் வைத்து எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எண் சரி என்றால் அடுத்தது பி12. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்து மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா? நெடுநாளாக அமிலம் குறைக்கும் மாத்திரை எடுக்கிறாரா? விலங்குவழி உணவை அறவே தவிர்ப்பவரா? இவை எல்லாமே பி12-ஐக் குறைக்கும். அளவு எல்லைக்கோட்டில் இருந்தால், பி12 குறையும்போது ரத்தத்தில் கூடும் மெத்தில்மலோனிக் அமிலத்தைப் பார்த்து உறுதி செய்யலாம். இதைப் பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் அதிகமாகக் கொடுத்தால் பெரிய சிக்கல் வரும்: ரத்தசோகை சரியானதுபோலத் தெரியும், ஆனால் பி12 குறைவால் நரம்பு உள்ளே சேதமாகிக்கொண்டே போகும். பாதம் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது எல்லாம் தாமதமாகத்தான் கண்ணில் படும். அப்புறம் சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், தைராய்டுக்கு டிஎஸ்எச் என்ற ரத்தப் பரிசோதனைகள். தைராய்டு மந்தமானாலும் ஹோமோசிஸ்டீன் கூடும். ட்ரைகிளிசரைடுக்காக ஃபீனோஃபைப்ரேட் சாப்பிடுகிறவர் என்றால் அதுவும் ஒரு காரணம்.

சிறுநீரகப் பரிசோதனையை வற்புறுத்த இன்னொரு காரணமும் இருக்கிறது. சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்ட 238 பேருக்கு அதிக அளவில் இந்த மூன்று வைட்டமின்களையும் கொடுத்த ஓர் ஆய்வில், சிறுநீரகம் வேகமாகப் பழுதானது, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் கூடின. அப்பாவுக்கு அந்தப் பிரச்சினை இருந்தால் இந்த மாத்திரையைச் சொந்தமாகத் தொடங்கவே கூடாது.

பி6 பற்றியும் ஒரு வார்த்தை. அதை அதிக அளவில் நெடுநாள் சாப்பிட்டால் நரம்பே கெடும். கைகால் எரிச்சல், மரத்துப்போதல் வரும். நரம்புக்கு நல்லது என்று சாப்பிடும் மாத்திரையே நரம்பைக் கெடுப்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வைட்டமின் மாத்திரைகள் போகின்றனவா என்று அட்டைகளைத் திருப்பிப் பார்த்துக் கூட்டிப் பாருங்கள்.

பி3, அதாவது நயாசின், வேறு வகை. கொலஸ்ட்ராலுக்காகப் பலகாலம் கொடுத்தார்கள். ஸ்டாட்டினோடு சேர்த்து 25,673 பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014-ல் வந்தது: இதயத்துக்குப் பலன் இல்லை, சர்க்கரை நோயும் ரத்தக்கசிவும் கூடின. 2024-ல், உபரி நயாசின் உடைந்து வரும் ஒரு பொருள் ரத்தக்குழாய்ச் சுவரில் அழற்சியோடு தொடர்புள்ளது என்றும் காட்டினார்கள். அதைச் சேர்க்க வேண்டாம். பி1 மட்டும் ஒரு சந்தர்ப்பத்தில் கவனிக்க வேண்டியது: இதயம் பலவீனமாகி, நீர் இறங்க ஃப்யூரோசிமைடு நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்குச் சிறுநீரோடு பி1 வெளியேறிவிடும். பி1 கடுமையாகக் குறைந்தால் அதுவே இதயத்தைப் பலவீனமாக்கும். அப்பாவுக்கு அப்படி மூச்சுத்திணறலோ கால் வீக்கமோ இருந்தால் மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள்.

பி12-ஓ ஃபோலேட்டோ குறைவு என்று உறுதியானால் தயங்காமல் கொடுங்கள், மருத்துவர் சொல்லும் அளவில். ஃபோலிக் அமிலத்தால் புற்றுநோய் வரும் என்று ஒரு பயம் உலவியது. ஏறத்தாழ 50,000 பேரின் தரவைச் சேர்த்து 2013-ல் பார்த்தபோது, ஆய்வுகள் நடந்த காலத்துக்குள் அப்படிக் குறிப்பிடத்தக்க கூடுதல் எதுவும் தெரியவில்லை. தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்தில் ஹோமோசிஸ்டீனை மறுபடி பாருங்கள்; பதில் அதற்குள் தெரிந்துவிடும். இறங்கியிருந்தால் குறைபாடு நிரம்புகிறது என்று அர்த்தம். இறங்கவே இல்லையென்றால் மாத்திரையைக் கூட்டாமல், கிரியேட்டினின், டிஎஸ்எச் அறிக்கைகளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.